பேய்க்குக் கால் முளைத்த மாதம்

பேய்க் கதை எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் பெரிய படிப்புப் படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ. பிட்டர் பயிற்சியும் முடித்தவன். அதனால் எப்படி எழுத வேண்டும் என்று பாடம் நடத்தும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. குழந்தைகளுக்காகப் பல வருடம் பேய் மர்மக் கதை எழுதினேன், பல முறை வசமாக மாட்டிக்கொண்டேன். மாட்டியதைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவினால் சந்தோஷம். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, நல்ல விதமாகத்தான்!

பூனாவில் எனக்கு வீடு ஹடப்சரில், வேலை ரஞ்சன்காவில். கம்பெனி பஸ்ஸில் காலையில் போக ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில்தான் எழுதுவேன். ஜன்னலில் வெயில் அடிக்கும், முன் சீட்டில் ஒருவர் வடாபாவ் தின்பார், நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பேயைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் பேய் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழியில் வாகோலி நெரிசலில் நிற்கும் பஸ்ஸுக்குள்ளும் வரும்.

என் முதல் கதையில் வந்த பேய்க்கு எல்லாம் தெரியும். தன்னைக் கொன்றது யார், கத்தி எங்கே, எல்லாமே. ஆனால் சொல்லாது. அலமாரியைத் தட்டும், கண்ணாடியை உடைக்கும், பெருமூச்சு விடும். சென்னையில் ஒரு சிறுவர் மாத இதழுக்கு அனுப்பினேன். அதன் ஆசிரியர் ஒரு அம்மாள். கதையைத் திருப்பி அனுப்பி, மேலே நான்கு வரி எழுதியிருந்தார். “இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் சொல்லமாட்டேன் என்கிறார்? இவரை ஒரு தரம் மிரட்டிக் கேட்டால் கதை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் நடந்தது செத்தவருக்கும் தெரியாது, ஐயா.”

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டேன். அட, ஆமாம்! செத்தால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா என்ன? அன்றிலிருந்து என் பேய்கள் எதையாவது தேடிக்கொண்டேதான் வந்தன. தேடுகிற பேய்க்கு ஒரு துப்பறியும் ஆள் தேவைப்படுகிறார். கதை தானாக நடக்கிறது.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அம்மாள் எனக்கு ஆறு மாதத் தொடர்கதை ஒன்று கொடுத்தார். பூனாவில் தனியாக வாழ்ந்த ஒரு தமிழ்த் தையல் டீச்சர் இறந்துபோகிறார். யாரும் இல்லாத அறையில் அவருடைய தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. அந்த வீட்டுக்குக் குடிவரும் பதினொரு வயதுப் பெண் துப்பறிகிறாள். டீச்சரின் தகரப் பெட்டி காணவில்லை. அதற்குள் அந்த வீட்டைத் தையல் வகுப்புக்கே விட்டுவிட வேண்டும் என்று டீச்சர் எழுதிவைத்த காகிதம் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் டீச்சரின் அண்ணன்தான் திருடன். பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிடுவார்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன். இந்த ஊரில் பிள்ளைகள் வாட்ச்மேனைக் காகா என்பார்கள், மராத்தியில் சித்தப்பா என்று அர்த்தம். அவ்வளவுதான் ஆட்கள்.

இந்தத் தொடரை என் வீட்டிலேயே ஒரு வாசகி படித்துக்கொண்டிருந்தாள். என் மகள் வாணி. அவளுக்கும் பதினொரு வயது. பூனாவிலேயே பிறந்தவள். பள்ளியில் இங்கிலீஷ், கீழே விளையாடும்போது மராத்தி, கடையில் இந்தி, எங்களிடம் மட்டும் தமிழ். பேசுவாளே தவிர, படிக்கச் சொன்னால் தலைவலி வந்துவிடும். செல்வி, என் மனைவி, அ ஆ சொல்லிக்கொடுத்து அலுத்துப்போயிருந்தாள். தொடரின் முதல் பாகம் வந்த அன்று வாணி கேட்டாள்.

“அப்பா, மெஷின ஓட்டுறது யாரு? சொல்லுப்பா.”

“சொல்லமாட்டேன். படி.”

“ஏ, சீட்டிங்! நீதானே எழுதினே?”

“எழுதினவன்கிட்டக் கேக்கக் கூடாது. பிடிக்கலைன்னா ஆசிரியருக்கு லெட்டர் போடு.”

முறைத்தாள். அப்புறம் பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம்! செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் கையால் சைகை காட்டினாள், பேசாதே என்று. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அந்தத் தொடர் வேறு ஒன்றாகிவிட்டது. என் மகள் தானாக எடுத்துப் படித்த முதல் தமிழ் அதுதான். வேறொன்றையும் அவள் தொடவில்லை.

மூன்றாம் பாகத்தில் ஒரு பயங்கரமான இடம் வைத்தேன். முற்றத்துக் குழாயடியிலிருந்து ஈரக் காலடிகள் புறப்படுகின்றன. உள்ளே போகப் போகக் காய்ந்து மங்குகின்றன. ஆக, நடந்தது குழாயிலிருந்து வீட்டுக்குள். ஆனால் விரல்கள் எல்லாம் குழாயையே பார்க்கின்றன! பாதம் பின்பக்கம் திரும்பிய உருவம். டீச்சரின் ஆவியே வந்து தகரப் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டுகிறது என்பது என் திட்டம். எழுதி முடித்ததும் எனக்கே கை மயிர் சிலிர்த்தது. நான்காம் பாகத்தில் அந்தத் தடத்தைப் பார்த்து வாட்ச்மேன் காகா வேலையை விட்டே ஓடிவிடுகிறார்.

மூன்றாம் பாகம் வெளிவந்த சில நாளில் சூப்பர்வைசர் கேபினுக்கு எனக்கு ஒரு போன்.

“என்னங்க, உங்க பேய்க்குக் கால் முளைச்சிருக்கு?” ஆசிரியர் அம்மாள்.

“எந்தப் பேய்ங்கம்மா?”

“எந்தப் பேயா? உங்க டீச்சரம்மாதான்! லெட்டர் வந்து குவியுது. ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க. ‘பேய்க்குக் கால் கிடையாது. காலடி இருப்பதால் இது மனிதர். ஊரிலிருந்து வந்த மாமாதான் திருடன். கண்டுபிடித்ததற்குப் பரிசு உண்டா?’ இந்தப் பிள்ளை நாலாங்கிளாஸ்ங்க!”

“இல்லீங்கம்மா, அது மனுஷன் இல்லை. கால் பின்பக்கம் திரும்பி இருக்கும். பேய்னாலே அப்படித்தானே...”

“எந்த ஊர்ல?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் ஊர் ஞாபகம் வந்தது. சேலத்தில் என் சின்ன வயதில், தெரியாத ஆள் பேச்சுக் கொடுத்தால் முதலில் காலைப் பார் என்றுதான் சொல்வார்கள். கால் தரையில் பாவினால் மனிதர், பாவாவிட்டால் ஓடு. தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும், பேய்க்குக் கால் இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் பதினைந்து வருடம் இந்த ஊரில் பஸ்ஸிலும் கேன்டீனிலும் கேட்ட பேய்களுக்கெல்லாம் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. இங்கே அப்படித்தான். கேட்டுக் கேட்டு அதுவே எனக்குப் பேய் என்று ஆகிவிட்டது. என் ஊர்ப் பேயை நான் எப்போது தொலைத்தேன் என்றே தெரியவில்லை.

“எல்லாப் பிள்ளைங்களும் கண்டுபிடிச்சாச்சு. பாக்கி நீங்க ஒருத்தர்தான்,” என்றார் அந்த அம்மாள். “நாலாம் பாகம் அச்சுக்குப் போயாச்சு, தொட முடியாது. அஞ்சாம் பாகம் பத்து நாள்ல என் கையில இருக்கணும். விடை தெரிஞ்ச கதைய மூணு மாசம் இழுக்கமாட்டேன். சரியா வரலைன்னா, ‘முற்றும்’னு நானே போட்டுடுவேன்.”

போனை வைத்தபோது சூப்பர்வைசர், “வீட்டில் எல்லாரும் நலம்தானே?” என்று இந்தியில் கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து பிளாட் கதவு திறந்தது.

“ஏங்க, எழுதறப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பேய்க்கு எங்கேங்க கால்?”

“நீ வேற எரிச்சலைக் கிளப்பாதே.”

“அப்படியே இதையும் யோசிச்சு வைங்க. காலே இல்லாத பொம்பளை மெஷினை எப்படி மிதிச்சா?”

அது வேறா! நான் தலையில் கை வைத்தேன். வாணி மோடாவில் மூன்றாம் பாகத்தை இரண்டாவது தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பக்கத்துக்கு இருபது நிமிடம்தான். தொடர் நான்கோடு நின்றால் அவள் தமிழும் நான்கோடு நின்றுவிடும் என்று தோன்றியது. பயந்தேன். அத்தனை வருடம் மற்றவர்களைப் பயமுறுத்தியவன் உண்மையில் பயந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பஸ்ஸில் ஒரு வழி கண்டுபிடித்தேன், எழுதவும் ஆரம்பித்தேன். பிள்ளைகள் சொன்னபடியே காலடி ஒரு மனிதர் போட்ட பொய்த் தடமாகவே இருக்கட்டும். பின்பாதப் பேய் இந்த ஊர்ப் பேய். அப்படியென்றால் பொய்த் தடம் போட்டவன் இந்த ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். ஆக, திருடன் வாட்ச்மேன்! ஓடிப்போனதும் நடிப்பு! இரண்டு பக்கம் மடமடவென்று வந்துவிட்டது.

என் பக்கத்து சீட் எப்போதும் ஷிண்டே. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை, பூனாவுக்கு வெளியே சாஸ்வட் பக்கத்துக்காரர். மீசையும் குரலும் பெரிது. தினமும் காலையில் என் நோட்டை எட்டிப் பார்த்து, “காய் அண்ணா, பூத் ஆலா கா?” என்பார். என்ன அண்ணா, பேய் வந்துவிட்டதா என்று அர்த்தம். அவர் கேட்டால் அன்றைய பகுதியை இந்தியில் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன்.

ஷிண்டே என் நோட்டை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, “பேய் எங்க ஊர்ப் பேய்னா, திருடனும் எங்க ஊர்க்காரனா அண்ணா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கியது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பின்பாதப் பேய் எத்தனையோ சொன்னவர். அவரிடம் வாங்கிய பேயை வைத்தே அவர் ஆளைத் திருடனாக்கிவிட்டேன். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் முதலில் வரும் திருடன் பெரும்பாலும் நம்மை எதிர்த்துப் பேசமுடியாத ஆளாகத்தான் இருப்பார். கிழிக்கத் தயங்காதீர்கள்.

“உங்க ஊர்ப் பேய் எப்படி இருக்கும்?” என்றார் ஷிண்டே, என்னைச் சமாதானப்படுத்துவது போல.

“காலே இருக்காது.”

“காலே இல்லையா?” பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “அரே, அப்போ எனக்குப் பயம் எப்படி வரும்? பாவம், யாரோ காலில்லாதவர் என்று கை கொடுத்துத் தூக்கிவிடுவேன்! என்னை மிரட்ட வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த பேயாக அனுப்பு, அண்ணா!”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “மறுபடி சொல்லுங்க!”

“என்னது?”

“இப்போ சொன்னது!”

எனக்கு விடை கிடைத்துவிட்டது! ஷிண்டேயை மிரட்ட வேண்டுமென்றால் ஷிண்டேவுக்குத் தெரிந்த பேய்! யார் இந்தத் தடத்தைப் போட்டது என்று இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காகப் போட்டது என்று கேட்கவே இல்லை. டீச்சர் வீட்டில் இப்போது குடியிருப்பவர்களை மிரட்டுவதாக இருந்தால் காலடியே கூடாது. அவர்கள் தமிழர்கள், காலடியைப் பார்த்ததும் மனிதர் என்று சொல்லிவிடுவார்கள், அந்த நாலாங்கிளாஸ் பிள்ளை சொன்னது போல. ஆக, அந்தத் தடம் வாட்ச்மேனுக்காகச் செய்தது. வாட்ச்மேன் சொன்ன பேய்க் கதைகளைக் கேட்டுவைத்திருந்த மாமாதான் செய்தார். ஏன்? டீச்சர் இறந்த பிறகுதான் ஊரிலிருந்து வந்தேன் என்கிறார் மாமா. அதற்கு முன்னமே அவர் வந்து போனதைப் பார்த்த ஒரே ஆள் வாட்ச்மேன். அவர் வாசலை விட்டுப் போக வேண்டும்!

அச்சான மூன்றாம் பாகத்தைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டினேன். “காலடிகள் வாட்ச்மேனின் ஸ்டூலை ஒட்டிச் சென்றன” என்று நானே எழுதியிருக்கிறேன்! ஏன் எழுதினேன் என்று சத்தியமாகத் தெரியாது. ஏதோ இடம் நிரப்ப எழுதிய வரி, கதையைத் தூக்கி நிறுத்தியது. அச்சாகிவிட்ட தப்பை அழிக்க முடியாது, அதன் மேலேதான் கட்ட வேண்டும். அதனால் மாட்டிக்கொண்டால் முதலில் உங்கள் பழைய பக்கங்களைப் படியுங்கள்.

சரி, பொய்த் தடம் என்று என் கதைப் பெண் எப்படி நிரூபிப்பாள்? ஞாயிற்றுக்கிழமை காலை வாணியைக் கூப்பிட்டேன்.

“காலை நனைச்சுட்டு ஹால்ல பின்னாடியே நட.”

“எதுக்குப்பா?”

“அடுத்த மாசம் படி.”

“ஐயோ, எப்பப் பாரு இதையே சொல்லு!” என்று நடந்தாள். மொசைக் தரையில் நான் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பின்னால் நடக்கும்போது விரல்தான் முதலில் தரையைத் தொடுகிறது. ஒவ்வொரு தடத்திலும் விரல் நுனி கொஞ்சம் இழுபட்டிருந்தது. முன்னால் நடந்த தடத்தில் அது இல்லை. “மறுபடி நட! இன்னொரு தரம்!” செல்வி துடைப்பத்தோடு வந்து நின்றாள். “அப்பனும் மகளும் என் வீட்டையே குளமாக்கிட்டீங்க.”

“வாணி, உனக்கு எந்தப் பேய்னா பயம்? கால் இல்லாததா, கால் திரும்பினதா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “எனக்கு ரெண்டுமே பயம்தான். அம்மா சொன்னதும் பயம், கீழ பிரெண்ட்ஸ் சொன்னதும் பயம்.”

என் கதைப் பெண் மட்டும் ஏன் கண்டுபிடிக்கிறாள் என்பதும் தெரிந்துவிட்டது. மாமாவை விட்டால், பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பேய்தான் தெரியும். பூனாவில் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்கு இரண்டும் தெரியும். இது யாருடைய பேய் என்று அவளால் மட்டும்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

ஐந்தாம் பாகம் ஸ்பீட் போஸ்டில் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு ஒரு போஸ்ட் கார்டு. “கால் நிற்கிறது. ஆறாம் பாகம் அனுப்புங்கள்.” அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன்!

ஆறாம் பாகத்தில் வாட்ச்மேன் விட்டுப்போன வருகை நோட்டை அந்தப் பெண் பார்க்கிறாள். டீச்சர் இறந்த நாளிலேயே மாமா வந்து போனது அதில் எழுதியிருக்கிறது. மாமா பிடிபடுகிறார், தகரப் பெட்டி கிடைக்கிறது. செல்வியின் கேள்விக்கும் பதில் வைத்தேன். வீட்டிலிருந்த செல்வியின் தையல் மெஷினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், சுற்றியது. கடைசிக் காட்சியில், யாரும் இல்லாத அறையில், மிதி அசையாமல் இருக்கிறது, பெல்ட் கழன்று தரையில் கிடக்கிறது. சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது. காலில்லாத டீச்சர் உண்மையாகவே வந்திருக்கிறார். முற்றும்.

இதழ் வந்த அன்று வாணி பத்து நிமிடத்தில் படித்து முடித்தாள். கைதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இதழை மூடி வைத்துவிட்டு, “ம்” என்றாள்.

“என்னம்மா?”

“எழுதினவங்ககிட்டக் கேக்கக் கூடாதுல்ல.” கீழே விளையாடப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அம்மாளிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு கடிதம். கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில். எழுத்துகள் பெரிதும் சின்னதுமாக, வரிக்கு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தன.

“ஆசிரியர் அம்மாவுக்கு. கதை நன்றாக இருந்தது. மாமா மாட்டினார். சக்கரம் சுற்றியது எனக்குப் பிடித்தது. ஆனால் காகா எங்கே? அவர் பயந்து ஓடினார். அது பொய்ப் பேய் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. அவர் இன்னும் பயந்துகொண்டு இருப்பார். வாணி, பூனா.”

ஓரத்தில் அம்மாளின் கையெழுத்து. “இது உங்கள் வீட்டுப் பிள்ளைதானே? அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். இவளுக்குப் பதில் நான் சொல்ல முடியாது.”

அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். அவள் எழுதிய முதல் தமிழ்க் கடிதம்! யாரும் சொல்லாமல், தபால்தலையும் தானே ஒட்டி. அதே சமயம் எனக்குத் தலை குனிவாகவும் இருந்தது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. திருடனைப் பிடித்தேன், பெட்டியைக் கண்டுபிடித்தேன், செத்தவருக்கு ஒரு சக்கரம் சுற்றக் கொடுத்தேன். உயிரோடு பயந்துபோன ஒரே ஆளை நடுத்தெருவில் விட்டுவிட்டேன். தம்பி தங்கைகளே, பயமுறுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. கதையில் யாரைப் பயமுறுத்தினோமோ அவர் வீடு வரைக்கும் போய்ப் பயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வர வேண்டும். இதை எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

அந்த அரைப் பக்கத்தை மறுநாள் பஸ்ஸில் எழுதினேன். துப்பறியும் பெண் சாஸ்வட் பஸ் ஏறிக் காகாவின் வீட்டுக்குப் போகிறாள். அவர் கதவைத் திறக்கவே பயப்படுகிறார். அவள் வாசல் குழாயில் காலை நனைத்து, அவர் பார்க்கப் பார்க்கப் பின்பக்கமாக நடக்கிறாள். காகா குனிந்து தடத்தைப் பார்க்கிறார். இழுபட்ட விரல் நுனியைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் காலை நனைக்கிறார். இரண்டு பேரும் வாசல் முழுக்கப் பின்னால் நடந்து நடந்து சிரிக்கிறார்கள்.

ஷிண்டேவுக்கு அதை இந்தியில் சொன்னேன். “காகாவின் ஊர் சாஸ்வட் என்று எழுதினாயா?” என்றார். ஆமாம் என்றேன். மீசையை ஒரு தரம் நீவிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதழ் வந்ததும் வாணி அதை எடுத்துக்கொண்டு மோடாவுக்குப் போகவில்லை. எனக்கும் செல்விக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, சத்தமாகப் படித்தாள். விரல் வைக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் தடுக்கியது, தானே சரிசெய்துகொண்டாள். கடைசி வரியை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இப்ப காகா தூங்குவாருப்பா.”